ஒரே சஹனில் எல்லோருக்கும்: கொழுப்புக் குறைந்த கோப்தாவும் குறையாத ருசியும்

நம்முடைய விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். வலிமா, பெருநாள், ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் வீட்டு அழைப்பு என்று காரணம் மாறினாலும் உட்காரும் முறை மாறுவதில்லை. முதலாளியும் அவரிடம் வேலை செய்பவரும் ஒரே தட்டில் கை வைப்பார்கள். யார் முன்னால் இறைச்சித் துண்டு குறைவாகக் கிடக்கிறதோ அவர் பக்கம் மற்றவர் ஒரு துண்டைத் தள்ளிவிடுவார். அந்தச் சின்னச் செயலில் எங்கட சமூகத்தின் பெரிய பண்பொன்று இருக்கிறது.

இப்போது அந்த வட்டத்திலிருந்து மெல்ல மெல்ல ஆட்கள் விலகிக்கொண்டிருக்கிறார்கள். "எனக்குச் சீனி", "கொலஸ்ட்ரோல் கூடிட்டெண்டு கிளினிக்கில சொன்னாங்க", "நீங்க சாப்பிடுங்க, நான் பொறகு பாத்துக்கிறன்" என்ற பேச்சுகளைக் கேட்காத விருந்து இல்லை. வீடுகளிலும் இதே கதைதான். நோன்பு திறந்த பிறகு பிள்ளைகளுக்குப் பொரித்த உருண்டை வரும். வாப்பாவுக்கு அவித்த மரக்கறி வரும். அவித்த மரக்கறியில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால், எழுபது வயதில் ஒருவர் தன் உம்மாவின் கைப்பக்குவத்தை நினைவூட்டும் உணவிலிருந்து ஒதுக்கப்படுகிறார். அடுக்களையில் நிற்பவருக்கோ ஒரு வேளைக்கு இரண்டு சமையல். நாலு நாளில் அவருக்கும் சலித்துவிடும். வாப்பாவும் யாரும் பார்க்காத நேரத்தில் ரெண்டு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

ஆகவே, வருத்தக்காரருக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்று பிரிக்காமல், எல்லோரும் விரும்பிச் சாப்பிடக்கூடிய ஒரே சட்டியை ஆக்க முடியுமா என்பதே இங்கு கேள்வி. அதற்கு நான் எடுத்துக்கொள்வது கோப்தா. சில வீடுகளில் இதை இறைச்சி உருண்டை என்பார்கள். சிலர் உருண்டைக்கறி என்பார்கள். இளையவர்கள் மீட்போல் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் பண்டம் ஒன்றுதான்: நுணுக்கிய இறைச்சியை வாசனைப் பொருட்களோடு பிசைந்து, உருட்டி, பொரித்து, ஆணத்தில் போட்டு எடுப்பது.

சொல்லும் பண்டமும்

கோப்தா என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. இடித்தல், நுணுக்குதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. துருக்கியர் கொஃப்தே என்பதும், அரபிகள் குஃப்தா என்பதும், கிரேக்கர் கெஃப்தேஸ் என்பதும் இதே சொல்லின் வழிவந்தவைதான். தமிழில் "கொத்து" என்ற சொல் ஒலியால் இதற்கு நெருங்கி நிற்கிறது. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு பேச இடமில்லை. ஆனாலும், பெயருக்குள்ளேயே ஒரு செய்தி இருக்கிறது: இந்த உணவுக்குப் பெயர் கொடுத்தது இடிக்கிற வேலை. பொரிக்கிற எண்ணெய்க்குப் பெயரில் இடமில்லை.

பழைய சமையல் நூல்களும் இதையே காட்டுகின்றன. முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதி என்பவர் 1226இல் "கிதாபுத் தபீஃக்" என்ற சமையல் நூலைத் தொகுத்தார். மங்கோலியர் பக்தாதை அழித்தது 1258இல் என்பதால், அந்த நகரம் செழிப்பாக இருந்த கடைசித் தலைமுறையின் அடுப்படியை இந்த நூலில் காணலாம். அதன் பல குறிப்புகளில் கொழுப்பற்ற சிவந்த இறைச்சியை வாசனைப் பொருட்களோடு நுணுக்கி உருண்டையாக்கும் முறை வருகிறது. கொழுப்பு அங்கே இல்லாமல் இல்லை. ஆட்டு வாற்கொழுப்பை உருக்கிச் சட்டியில் ஊற்றுவார்கள். உருண்டை சிவந்த இறைச்சியில், கொழுப்பு சட்டியில். இந்தப் பிரிவினை நமக்குப் பின்னால் உதவும்.

உருண்டைக்குள் இறைச்சி மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் மரபுக்குப் பொருந்தாது. ஈரானின் தப்ரீஸ் நகரக் கோப்தாவில் அரிசியும் பருப்பும் கீரை வகைகளும் சேரும். துருக்கியில் வெந்த சோற்றை இறைச்சியோடு பிசைந்து செய்யும் கொஃப்தே உண்டு. வட இந்திய ஷாமி கபாப் கடலைப்பருப்பு இல்லாமல் ஷாமி கபாப் ஆகாது. இலங்கையிலோ, ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை கரையோரங்களை ஆண்ட காலத்தின் மிச்சமாகப் பறங்கியர் வீடுகளில் நிலைத்த ஃப்ரிக்கடல் உருண்டை இன்றும் லம்ப்ரைஸ் வாழையிலைப் பொதிக்குள் இருக்கிறது. அதிலும் பாண் சேரும். எங்கட வீடுகளிலும் ஊறவைத்த பாணோ, அவித்த உருளைக்கிழங்கோ சேராத உருண்டை அபூர்வம். இறைச்சியைக் குறைத்து வேறொன்றைக் கூட்டுவது நேற்று வந்த டயட் புத்தியல்ல. பல ஊர் உம்மாமார் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த சிக்கனம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கஷ்மீரின் ரிஸ்தா, குஷ்தாபா போன்ற உருண்டைகளில் இறைச்சியோடு கொழுப்பையும் சேர்த்துத்தான் மரச் சுத்தியலால் இடிப்பார்கள். அந்தப் பஞ்சுத்தன்மை கொழுப்பில்லாமல் வராது. ஆகவே எந்த உருண்டையிலிருந்தும் கொழுப்பை எடுத்துவிடலாம் என்று சொல்ல முடியாது. எங்கட உருண்டை வேறு வகை: வறுத்த சரக்கின் வாசத்திலும் ஆணத்திலும் நிற்பது. அதனால் இதில் இடம் இருக்கிறது.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் புரதத்திலும் ஒரு கிராம் மாப்பொருளிலும் 4 கலோரிதான். எனவே கலோரியைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் கொழுப்பைத்தான் தேட வேண்டும். உருண்டைக்கறிக்குள் அது மூன்று வாசல்களால் நுழைகிறது.

முதல் வாசல் இறைச்சிக்கடை. கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் கொத்திறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 254 கலோரி உண்டு. கொழுப்பு இருபதில் ஒரு பங்காகக் குறைந்த இறைச்சியில் அதுவே ஏறத்தாழ 137. ஒரே மாடு, ஒரே கடை, பாதிக்குப் பாதி வித்தியாசம். அரைத்து வைத்திருப்பதை வாங்கினால் அதற்குள் என்ன போயிருக்கிறதென்று நமக்குத் தெரியாது. தொடைப் பகுதியில் சதையாகக் கேட்டு, வெள்ளைக் கொழுப்பையும் சவ்வையும் வெட்டி எடுக்கச் சொல்லி, கண்முன்னால் அரைத்து வாங்குவதே நல்லது.

இரண்டாம் வாசல் பொரிக்கும் தாச்சி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. இரண்டு டசின் உருண்டைகளை ஆழ்ந்த எண்ணெயில் பொரித்தால் அவை குடிக்கும் எண்ணெய் சில மேசைக்கரண்டிகளுக்குக் குறையாது. பாண்தூளில் பிரட்டிப் பொரித்தால் இன்னும் கூடும்.

மூன்றாம் வாசல் ஆணம். தாளிக்க ஊற்றும் எண்ணெயும் முதற்பாலும் இதில் சேரும். தண்ணீர் கலக்காத கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றரில் 230 கலோரி அளவுக்கு இருக்கும். உருண்டையைக் கட்டுப்படுத்திவிட்டு, ஆணத்தில் ஒரு முழுத் தேங்காயின் முதற்பாலை ஊற்றினால் செய்த வேலை வீணாகும்.

கொழுப்பு செய்யும் மூன்று வேலைகள்

"கொழுப்பில்லாட்டி ருசி எங்கால மகள் வரும்?" என்று மூத்தவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். கொழுப்பு உருண்டைக்குள் சும்மா இருப்பதில்லை. மூன்று வேலைகள் செய்கிறது. அந்த வேலைகளை வேறொருவருக்குக் கொடுக்காமல் கொழுப்பை மட்டும் வெளியே அனுப்பினால், கல்லைப் போன்ற உருண்டைதான் கிடைக்கும். பலருடைய வீட்டில் டயட் சமையல் தோற்றுப்போவது இங்கேதான்.

முதல் வேலை, மென்மை. இறைச்சி சூடாகும்போது அதன் புரத இழைகள் சுருங்கித் தங்களுக்குள் இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். துணியை முறுக்கிப் பிழிவது போன்றது அது. கொழுப்பு இழைகளுக்கு இடையில் நின்று அவை இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்கிறது. ஊறிய பாணும் அவித்து மசித்த கடலைப்பருப்பும் இதே வேலையைச் செய்யும். அவற்றிலுள்ள மாப்பொருள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் தடுக்கிறது. பாணைத் தண்ணீரில் ஊறவைப்பதைவிட, துருவிப் பிழிந்த வெங்காயச் சாற்றில் ஊறவைத்தால் மென்மையோடு ருசியும் வரும்.

பாணுக்குப் பதிலாக ஓட்ஸ் போடச் சொல்கிறவர்கள் உண்டு. ஒன்றிரண்டு மேசைக்கரண்டிவரை பரவாயில்லை. அதற்குமேல் போனால் ஒரு வழவழப்பு வந்துவிடும். சோயா கலந்தால் அதன் மணம் முன்னால் வந்து நிற்கும். கடலைப்பருப்பு அப்படியல்ல. ஷாமி கபாபில் அது காலங்காலமாக இறைச்சியோடு பழகிய பொருள். அதன் மண்வாசம் வறுத்த சரக்கோடு நன்றாகப் பொருந்தும். நார்ச்சத்தும் கூடவே வருகிறது.

இரண்டாம் வேலை, வாசத்தைச் சுமப்பது. கறுவா, கராம்பு, ஏலம் ஆகியவற்றின் வாசப் பொருட்கள் தண்ணீரில் கரைவதைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். இதனால்தான் எண்ணெயே இல்லாமல் சமைத்த கறியில் எல்லாச் சரக்கும் போட்டும் "ஒண்டும் விளங்கல்ல" என்று சொல்ல நேர்கிறது. ஆகவே எண்ணெயை முற்றாக நிறுத்தக் கூடாது. குறைந்த எண்ணெயைச் சரியான இடத்தில் ஊற்ற வேண்டும். ஆழப் பொரிப்பதில் போகும் எண்ணெய் சரக்கைத் தொடுவதேயில்லை. தாளிப்பில் போகும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சட்டி முழுதும் வாசத்தைக் கொண்டுபோகிறது. சரக்கை அன்றன்று வறுத்து இடித்தால் குறைந்த எண்ணெயும் கூடுதலாக வேலை செய்யும்.

இந்த மண்ணில் வாழும் நமக்கு அது பெரிய காரியமல்ல. உண்மையான கறுவாவின் தாயகமே இலங்கைதான். 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். அந்தக் கறுவாவை நாம் பல மாதப் பழைய தூளாகப் பக்கெட்டில் வாங்குவது வேடிக்கைதான்.

மூன்றாம் வேலை, மேற்பரப்பைச் சிவக்க வைப்பது. பொரித்த உருண்டையின் ருசியில் பெரும்பங்கு அந்தச் செம்பழுப்புத் தோலில் இருக்கிறது. புரதத்தின் கூறுகளும் சர்க்கரை வகைகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய வாசங்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமீல் மய்யார் 1912இல் இதை விளக்கினார். அவர் பெயராலேயே அந்த வினை அழைக்கப்படுகிறது. அது வேகமாக நடக்க ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் சூடு தேவை. தண்ணீர் 100 பாகையில் கொதித்து அங்கேயே நின்றுவிடும். இதனால், பச்சை உருண்டையை நேரே ஆணத்தில் போட்டு அவித்தால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் சிவக்காது. பொரித்த ருசியும் வராது.

ஆனால் சிவக்கத் தேவையானது சூடும் காய்ந்த மேற்பரப்பும்தான். எண்ணெய்க் குளம் தேவையில்லை. 220 பாகை ஓவனும், நன்றாகச் சூடேறிய கனத்த தோசைக்கல்லும், எயார் ஃப்ரையரும் இந்த வேலையைச் செய்யும். உருட்டிய உருண்டைகளை மூடாமல் அரை மணி நேரம் பிரிஜில் வைத்தால் மேற்பரப்பு காயும், உருவமும் உடையாது.

உப்பும் பிசையும் கையும்

இன்னுமொரு விஷயம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கொத்திறைச்சியில் முதலில் உப்பை மட்டும் போட்டு இரண்டு நிமிடம் பிசைந்தால், இறைச்சியிலுள்ள மயோசின் என்ற புரதம் உப்பில் கரைந்து பசைபோல் வெளிவரும். இறைச்சி கையில் ஒட்டத் தொடங்குவதே அதற்கு அடையாளம். அந்தப் பசைதான் உருண்டையைக் கட்டிப் பிடிக்கிறது. முன்பு அம்மியில் வைத்தும் உரலில் இட்டும் நுணுக்கியபோது இது தானாகவே நடந்தது. இயந்திரத்தில் அரைத்த இறைச்சிக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும். பாண், பருப்பு, முட்டை எல்லாம் சேர்த்த பிறகு நீண்ட நேரம் பிசையக் கூடாது, பிசைந்தால் இறுகிவிடும். இறைச்சி குளிராக இருப்பதும் அவசியம்.

இந்த இடத்தில் உப்பின் அளவையும் சொல்ல வேண்டும். வயதுவந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஒரு மட்டத் தேக்கரண்டிக்கும் குறைவு. கீழே தரும் அளவில் உருண்டைக்கும் ஆணத்துக்கும் சேர்த்து ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு ஆறு பேருக்குப் பிரிகிறது. குறையும் உப்பின் இடத்தைத் தேசிக்காய்ப் புளியும் மிளகும் நிரப்பும். பிரஷர் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சூப் கட்டிகளை இந்தச் சட்டிப் பக்கம் விட வேண்டாம். அவற்றில் உப்பே பிரதானம்.

ஒரு சஹனுக்கான அளவு

ஆறு பேருக்கு, ஆளுக்கு நான்காக 24 உருண்டைகள்.

உருண்டைக்கு: கொழுப்பு நீக்கி அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம். அவித்து, தண்ணீர் வடித்து மசித்த கடலைப்பருப்பு 100 கிராம் (காய்ந்த பருப்பாக 45 முதல் 50 கிராம் எடுத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து அவித்தால் இந்த அளவு வரும், அவித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம்). பாண் ஒரு துண்டு. பெரிய வெங்காயம் ஒன்று. முட்டை ஒன்று. அரைத்த இஞ்சி ஒரு தேக்கரண்டி, அரைத்த உள்ளி ஒரு தேக்கரண்டி. பொடியாக வெட்டிய பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, புதினா ஒரு பிடி. வறுத்த கறித்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. கறுவா, கராம்பு, ஏலம், பெருஞ்சீரகம் நான்கையும் வெறும் தாச்சியில் வறுத்து இடித்த தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி.

ஆணத்துக்கு: மெல்லியதாக வெட்டிய வெங்காயம் இரண்டு, அரைத்த தக்காளி இரண்டு, இஞ்சி உள்ளி அரைத்தது ஒரு மேசைக்கரண்டி, ரம்பை ஒரு துண்டு, கறுவா ஒரு துண்டு, கராம்பு இரண்டு, ஏலம் இரண்டு. வறுத்த கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள் கொஞ்சம். அடித்த தயிர் இரண்டு மேசைக்கரண்டி. கெட்டித் தேங்காய்ப்பால் 75 மில்லிலீற்றர், அதாவது ஐந்து மேசைக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. தேசிக்காய் அரை.

எண்ணெய் மொத்தம் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஆறு தேக்கரண்டி. அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: உருண்டையைச் சிவக்க வைக்க இரண்டு தேக்கரண்டி, ஆணத்தின் தொடக்கத்துக்கு மூன்று தேக்கரண்டி, கடைசித் தாளிப்புக்கு ஒரு தேக்கரண்டி. போத்தலிலிருந்து நேரே ஊற்றும் பழக்கத்தை இந்த ஒரு கறிக்காவது விட்டுவிட வேண்டும்.

முதலில் வெங்காயத்தைத் துருவிப் பிழிந்து, சாற்றில் பாணை ஊறவைத்து மசிக்க வேண்டும். பிழிந்த வெங்காயச் சக்கையையும் வீசாமல் கலவையில் சேர்க்கலாம். இறைச்சியில் உப்பைப் போட்டு, கையில் ஒட்டும்வரை பிசைய வேண்டும். பிறகு மற்றவை எல்லாவற்றையும் சேர்த்து, கலந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தேசிக்காயைவிடச் சற்றுச் சிறிதாக உருட்டி, அரை மணி நேரம் பிரிஜில் வைக்க வேண்டும்.

ஓவன் இருந்தால், தட்டில் எண்ணெய் தடவி 220 பாகையில் 12 முதல் 15 நிமிடங்கள் வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டினால் போதும். ஓவன் இல்லாத வீட்டில் கனத்த தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி, எண்ணெயைத் துணியால் தேய்த்து, எட்டு எட்டு உருண்டையாக வைத்து உருட்டி உருட்டிச் சிவக்க வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக வைத்தால் தண்ணீர் விட்டு அவியத் தொடங்கும். இந்த நிலையில் வெளிப்புறம் சிவந்தால் போதும். உள்ளே ஆணத்தில் வேகும்.

ஆணத்துக்கு மூன்று தேக்கரண்டி எண்ணெயில் ரம்பை, கறுவா, கராம்பு, ஏலம் போட்டு, வாசம் கிளம்பியதும் வெங்காயத்தைப் போட வேண்டும். அடிப்பிடிக்கும்போது எண்ணெய் ஊற்றாமல் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துக் கிளறினால், சட்டியில் ஒட்டிய சிவப்பெல்லாம் வெங்காயத்தில் ஏறும். நல்ல பொன்னிறம் வந்ததும் இஞ்சி உள்ளி, தூள்கள், தக்காளி, உப்பு என்று வரிசையாகச் சேர்த்து வதக்க வேண்டும். பிறகு பருப்பு அவித்த தண்ணீரோடு ஒன்றரைக் கோப்பை தண்ணீர். பருப்புத் தண்ணீரின் மா, முதற்பால் தரும் தடிப்பை ஓரளவு தந்துவிடும். தயிரைக் கலந்து, உருண்டைகளை இறக்கி, மெல்லிய நெருப்பில் 10 முதல் 12 நிமிடங்கள் மூடி வைக்க வேண்டும். அரைத்த இறைச்சி உள்ளே 71 பாகை சூட்டை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு உருண்டையை வெட்டி, நடுவில் சிவப்பு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிட வேண்டும். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்ட பாலின் மணம் குறைந்துவிடும். கடைசியில் ஊற்றிய கொஞ்சப் பால் நிறைய ஊற்றியது போல் நாக்குக்குத் தெரியும். மிச்சமுள்ள ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலையையும் வெட்டிய சின்ன வெங்காயத்தையும் தாளித்து மேலே கொட்டி, தேசிக்காய் பிழிந்தால் வேலை முடிந்தது. மூக்கு முதலில் சந்திப்பது மேலே மிதக்கும் அந்தத் தாளிப்பைத்தான்.

கணக்குப் பார்ப்போம்

பொதுவான உணவுச் சத்து அளவுகளை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிடலாம். இரண்டிலும் சமமாக இருக்கும் வெங்காயத்தையும் சரக்கையும் விட்டுவிடுகிறேன்.

வழக்கமான முறை: ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள இறைச்சி 500 கிராம் 1270 கலோரி, பாண் இரண்டு துண்டு 160, முட்டை 70, பொரிக்கையில் குடித்த எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி என்று வைத்தால் 360, தாளிப்பு எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி 360, முதற்பால் 300 மில்லிலீற்றர் 690. மொத்தம் 2910. ஆளுக்கு 485.

மேலே சொன்ன முறை: கொழுப்பு நீக்கிய இறைச்சி 400 கிராம் 550; கடலைப்பருப்பு 160; பாண் ஒரு துண்டு 80; முட்டை 70; எண்ணெய் 240; தேங்காய்ப்பால் 170; தயிர் 30; தக்காளி 40. மொத்தம் 1340. ஆளுக்கு 223 அளவில்.

இவை அண்ணளவான எண்கள்தான். பாண் துண்டின் பருமனும் தேங்காய்ப்பாலின் கெட்டியும் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் பாதிக்கு மேல் குறைகிறது என்பதில் மாற்றமில்லை. உருண்டையின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "ரெண்டுக்கு மேல எடுக்காதீங்க" என்று யாரையும் கையைப் பிடிக்கத் தேவையில்லை.

கோப்தா மட்டும் போதாது

சஹனில் உருண்டை மட்டும் இருப்பதில்லை. கீழே நெய்ச்சோறு இருக்கிறது. பின்னால் வட்டிலாப்பம் காத்திருக்கிறது. சீனி உள்ளவருக்குக் கலோரிக் கணக்கோடு மாப்பொருள் கணக்கும் உண்டு. வெறும் வெள்ளைச் சோறே 100 கிராமில் 130 கலோரி அளவு தரும். இரத்தத்தில் சீனியை வேகமாக ஏற்றுவதும் அதுதான். உருண்டை லேசானது என்ற தைரியத்தில் இன்னொரு அகப்பை சோறு போட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகிவிடும். சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, வல்லாரைச் சம்பலோ வெள்ளரிக்காயோ தட்டில் கூடுதலாகக் கிடந்தால் இந்தக் கறி முழுப் பயன் தரும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இறைச்சி, பருப்பு இரண்டின் அளவையும் அவர்களுடைய டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம் உடல்வாகையும் மறக்கக் கூடாது. ஆசியர்களுக்கு உடற்பருமன் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவுறுத்தியது. பொதுவான எல்லை 25. பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் நம்மவர்களுக்கும் சீனி வருவதற்கு இதுவும் ஒரு விளக்கம். எனவே இது வயதானவர்களின் உணவு என்று ஒதுக்குவதற்கில்லை. இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இதே சட்டிதான் நல்லது.

எங்கட மார்க்கத்துக்கு இவை எதுவும் புதிதல்ல. வயிற்றை உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்குமாக மூன்றாகப் பங்கிடச் சொல்லும் நபிமொழியை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அதைவிட அடுப்படிக்கு நெருக்கமான இன்னொன்று ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. குழம்பு சமைக்கும்போது அதில் தண்ணீரைக் கூட்டி அயலவரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். தண்ணீர் கூடிய ஆணம் ருசி குறைந்தது என்று நினைக்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சட்டியைச் செழிப்பாக்குவது அதன் கெட்டி மட்டுந்தானா, அதைச் சுற்றி உட்காரும் ஆட்களும்தானா?

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. இந்தக் கறியை முதன்முதலாக ஆக்கும் நாளில் "இது டயட் கோப்தா" என்று மேசையில் அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் சாப்பிடும் முன்னரே நாக்கு குறை தேடத் தொடங்கிவிடும். எப்போதும் வைக்கும் கோப்பையில், எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தால் போதும். மூத்தவர்கள் யாராவது, "இண்டைக்குச் சரக்கு நல்லா வறுத்திரிக்கி போல" என்று சொன்னால், ஆமென்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மையும்தானே.